பினாங்கில் காத்திருப்பின் கணக்கு

பெங்காலான் வெல்ட் படகுத்துறையிலிருந்து ஆயர் ஈத்தாம் எவ்வளவு தூரம் என்று பினாங்குவாசி ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். இத்தனை கிலோமீட்டர் என்று சொல்பவர் குறைவு. "பஸ்ஸில் அரைமணி நேரம்" என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். வழியை நேரத்தால் அளப்பது நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் 'நாழிகை வழி' என்று ஓர் அளவையே வைத்திருந்தனர். ஒரு நாழிகையில் நடந்து கடக்கும் தூரம் ஒரு நாழிகை வழி.

ஆனால் நேயர்களே, நடந்து போகிறவருக்கும் பஸ்ஸில் போகிறவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நடப்பவர் வாசற்படி தாண்டியதும் பயணம் தொடங்கிவிடுகிறது. பஸ்ஸில் போகிறவர் சாலையோரத்தில் நின்றாக வேண்டும். அரைமணி நேரம் என்று சொன்னவர் பஸ் ஏறிய பிறகு ஆகும் நேரத்தைத்தான் சொன்னார். ஏறுவதற்கு முன் நின்ற நேரம் அவர் பதிலில் இல்லை. அவர் பதிலில் மட்டுமா இல்லை? பஸ் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் எண்ணெய்க்குப் பத்தி உண்டு, சம்பளத்துக்குப் பத்தி உண்டு, டயருக்குக்கூட உண்டு. பயணி நின்ற நேரத்துக்குப் பத்தி கிடையாது. அதைப் பயணி தன் கையிலிருந்து கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த நேரம் எப்படி நெடுங்காலம் கணக்குக்கு வெளியே நின்றது, பிறகு எப்படி உள்ளே வந்தது என்பதைப் பினாங்குத் தீவின் வரலாற்றைக் கொண்டே இன்று பார்ப்போம்.

1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். அதற்கு முன்பே கெடாக் கரையோடு வணிகம் செய்துவந்த சூலியாக்கள், அதாவது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள், விரைவிலேயே இங்கும் வந்து சேர்ந்தனர். 1801இல் காதர் முகைதீன் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் சூலியா வீதியின் பெயரும் இன்றளவும் அதற்குச் சான்று. அவர்கள் ஏறி வந்த பாய்மரக் கப்பல்களுக்கு மணிப்படி அட்டவணை இல்லை. பருவக்காற்றே அட்டவணை. ஒரு காற்றில் வந்தவர், காற்று திசை மாறும்வரை திரும்ப இயலாது. கடலில் கழிந்தது சில வாரம் என்றால் கரையில் கழிந்தது சில மாதம். அந்த மாதங்களில் கடை போட்டார்கள், கடன் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள். தமிழ் முஸ்லிம்களும் மலாய்க்காரர்களும் மணவுறவு கொண்டு உருவான ஜாவி பெரானாக்கான் சமூகத்தை எண்ணிப் பாருங்கள். பினாங்கு நகரின் ஒரு பகுதியைக் காத்திருப்பே கட்டியது என்று சொன்னால் மிகையாகாது.

நீராவி வந்தது. 1845இல் பி அண்ட் ஓ கம்பெனியின் தபால் கப்பல்கள் இலங்கையின் காலி துறைமுகத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வழியாகச் சீனம் செல்லத் தொடங்கின. காற்றை எதிர்பார்க்க வேண்டிய நிலை மாறி, கப்பல் புறப்படும் தேதியை எதிர்பார்க்கும் நிலை வந்தது. நம்மவர் நெஞ்சில் நீங்காத 'ரஜூலா' கப்பல் 1926இல் கட்டப்பட்டது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே எத்தனையோ குடும்பங்களை ஏற்றி இறக்கி, 1973இல் ஓய்ந்தது. அதன்பின் வந்த 'சிதம்பரம்' கப்பலும் 1985இல் தீவிபத்துக்கு உள்ளாகி நின்றுபோயிற்று. அந்தக் காலத்தில் ஊருக்குப் போக எத்தனை நாள் என்று கேட்டால் கடலில் கழியும் நாட்களைத்தான் சொல்வார்கள். ஒரு கப்பலைத் தவறவிட்டு, அடுத்த கப்பல் வரும்வரை நாகப்பட்டினத்துச் சத்திரத்தில் கிடந்தவரின் நாட்களை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த விடுபடல் பாமரரின் கணக்கில் மட்டும் நேர்ந்ததன்று. 1881இல் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் ஓர் உலகப் படம் வரைந்தார். லண்டனிலிருந்து புறப்பட்டால் உலகின் எந்தப் பகுதியை எத்தனை நாளில் அடையலாம் என்பதை வண்ணங்களால் காட்டும் படம் அது. பத்து நாளுக்குள் எட்டும் இடங்கள் ஒரு நிறம், இருபது நாளுக்குள் எட்டுபவை வேறொரு நிறம், இப்படியே நாற்பது நாளுக்கு மேற்பட்டவை வரை. இன்று போக்குவரத்துத் திட்டக்காரர்கள் வரையும் படங்களுக்கெல்லாம் அது மூதாதை எனலாம். அந்தப் படத்தின் குறிப்பிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. உள்ளூர் ஏற்பாடுகள் முன்கூட்டியே செய்யப்பட்டு, சூழ்நிலையும் சாதகமாக இருப்பதாக வைத்துக்கொண்டே நாட்கள் கணக்கிடப்பட்டன. வேறு சொற்களில் சொன்னால், பயணி போகும்போதெல்லாம் குதிரையும் படகும் அவருக்காக ஆயத்தமாக நிற்கின்றன. காத்திருப்பு பூச்சியம். உலகம் முழுவதையும் வண்ணம் தீட்டிய அந்தக் கெட்டிக்காரர், பயணி நிற்கும் நேரத்துக்கு மட்டும் நிறம் ஒதுக்கவில்லை.

இனி ஜார்ஜ்டவுன் நகருக்குள் வருவோம். 1880களில் இங்கே நீராவி டிராம் ஓடத் தொடங்கியது. 1906இல் நகராட்சியின் மின்சார டிராம் வந்தது. 1925இலிருந்து, தண்டவாளம் இல்லாமல் மேலே கம்பியைப் பற்றி ஓடும் டிராலி பஸ்கள் வந்தன. 1936இல் டிராம் நின்றது. 1961இல் டிராலி பஸ்ஸும் நின்றது. லண்டனில் ஓடி ஓய்ந்த இரட்டை மாடி டிராலி பஸ்கள் சில, தங்கள் முதுமையில் பினாங்குச் சாலைகளில் ஓடின என்பது கேட்பதற்குச் சுவையான செய்தி. பினாங்குச் சாலையும் சூலியா வீதியும் சந்திக்கும் இடத்தில் பழைய டிராம் தண்டவாளத்தின் ஒரு துண்டை இப்போதும் காணலாம்.

இந்த வண்டிகள் நகர வாழ்வுக்குக் கொண்டுவந்த புதுமை, வேகம் மட்டுமன்று. இடைவெளி என்ற எண்ணமும்தான். இத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று சொல்லிவிட்டால், நேரம் பார்க்காமல் சாலைக்கு வரும் பயணி சராசரியாக எவ்வளவு நேரம் நிற்பார் என்பதையும் சொல்லிவிடலாம். விடை எளிது. இடைவெளியில் பாதி. இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால், ஒருவர் வந்தவுடனே வண்டி கிடைக்கும். இன்னொருவர் இருபது நிமிடமும் நிற்பார். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் தலைக்குப் பத்து நிமிடம். நெடுங்காலம் உலகெங்கும் திட்டக்காரர்கள் கையாண்ட விதி இதுதான். காத்திருப்பு முதன்முதலில் கணக்குக்குள் நுழைந்த வாசல் என்றும் இதைச் சொல்லலாம்.

ஆனால் அந்த விதியின் அடியில் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. 'சீராக' என்ற சொல். வண்டிகள் சீராக வந்தால்தான் பாதி.

பினாங்கில் வயது முதிர்ந்தவர்களுக்கு நிற பஸ்கள் நினைவிருக்கும். நகராட்சி பஸ்கள் லெபு விக்டோரியாவிலிருந்து கிளம்பும். தனியார் பஸ்கள் மேக்ஸ்வெல் சாலையிலிருந்து கிளம்பும். ஹின் கம்பெனி நீலம், லிம் செங் செங் பச்சை, மஞ்சள் பஸ் கம்பெனி பெயரைப் போலவே மஞ்சள். எழுத்தறியாத பாட்டிமாருக்கும் நிறம் தெரியும். நிறம் தெரிந்தால் போகும் திசை தெரியும். இந்த ஏற்பாட்டின் அழகு அது. இதன் குறை, ஒவ்வொரு நிறமும் தன் தன் திசையை மட்டும் பார்த்துக்கொண்டது. தீவைச் சுற்றிவர விரும்பியவர் மஞ்சள் பஸ்ஸில் பாலிக் பூலாவ் போய், அங்கிருந்து தெலுக் பஹாங் போகும் பஸ்ஸுக்கு மாறி, பிறகு நீல பஸ்ஸில் நகருக்குத் திரும்ப வேண்டும். நடுவே இருந்த அந்த இணைப்பு பஸ் நாளுக்குச் சில நடைகளே ஓடியது. ஓடும் நேரத்தை மட்டும் கூட்டினால் அரைநாள்கூட ஆகாத சுற்று. காலையில் முன்கூட்டியே கிளம்பாதவரோ பாலிக் பூலாவ் கடைத்தெருவில் லக்சா சாப்பிட்டுக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டியதுதான். (அந்த ஊர் லக்சா நல்லது என்பதால் இதைப் பெரிய துன்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

துன்பமான காத்திருப்பு வேறு. நான் சிறுவனாக இருந்தபோது தீவின் ஒரு மூலையில் குடியிருந்தோம். மாதம் ஒருமுறை பாட்டியைப் பட்டணத்து மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப் போகும் பொறுப்பு எனக்கு. எங்கள் பக்கம் ஓடிய பஸ் எந்த நிறம் என்று சொல்லப் போவதில்லை. இருபது நிமிடத்துக்கு ஒன்று என்பது பேச்சு. அரைமணிக்கு மேல் நின்றிருப்போம். அதன் பிறகு ஒரு பஸ் வரும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றும் வரும். முதல் பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. பின்னால் வருவது காலியாக இருக்கும். "பஸ்ஸுக்கும் துணை வேண்டியிருக்குடா, தனியா வரப் பயம்" என்று பாட்டி சொல்வார்.

பாட்டி வேடிக்கையாகச் சொன்னதை அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 1964இல் நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் இதை விளக்கினர். ஒரு பஸ் ஏதோ காரணத்தால் சற்றுத் தாமதமாகிறது. அதனால் அடுத்த நிறுத்தத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலான பேர் சேர்ந்துவிடுகின்றனர். அவர்களை ஏற்றிக்கொள்ள நேரம் பிடிக்கிறது, தாமதம் வளர்கிறது. பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற்ற ஆளில்லை. அது விரைந்து வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. யாருடைய சோம்பலும் இதற்குத் தேவையில்லை. ஓட்டுநர் இருவரும் நேர்மையாக வேலை செய்தாலும் பஸ்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். பல ஆண்டுகள் நான் ஓட்டுநர்களை மனத்துக்குள் திட்டியதற்கு இப்போது வருந்துகிறேன்.

இப்படிச் சேர்ந்து வருவதால் பயணிக்கு என்ன இழப்பு? ஒரு சிறு கணக்குப் போடுவோம். நாற்பது நிமிடத்தில் இரண்டு பஸ். நிமிடத்துக்கு ஒருவராக நாற்பது பயணிகள். பஸ்கள் சீராக வந்தால் ஒவ்வொருவருக்கும் சராசரிக் காத்திருப்பு பத்து நிமிடம். இப்போது முதல் பஸ் முப்பத்தைந்து நிமிடம் கழித்தும், இரண்டாவது அதற்குப் பின் ஐந்து நிமிடத்திலும் வருவதாகக் கொள்வோம். நாற்பது நிமிடத்தில் இரண்டு பஸ் என்ற கணக்கு மாறவில்லை. நிறுவனத்தின் ஏட்டில் சேவை குறையவே இல்லை. ஆனால் நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் நீண்ட இடைவெளியில் அகப்படுகின்றனர். அவர்களின் சராசரிக் காத்திருப்பு பதினேழரை நிமிடம். குறுகிய இடைவெளியில் வரும் அதிர்ஷ்டசாலிகள் ஐந்தே பேர். அவர்களுக்கு இரண்டரை நிமிடம். எல்லாரையும் சேர்த்து வகுத்தால் தலைக்கு 15.6 நிமிடம் வருகிறது. பத்து நிமிடம் என்ற அட்டவணைக் கணக்கு பாதிக்கு மேல் பிசகிவிட்டது.

1957இல் வெல்டிங் என்பவர் லண்டன் பஸ்களை வைத்து இதைச் சூத்திரமாகவே எழுதினார். இடைவெளியில் பாதி என்பது அடிப்படை. அதன்மேல், இடைவெளிகள் எவ்வளவு ஏறி இறங்குகின்றனவோ அதற்கேற்பக் காத்திருப்பு கூடிக்கொண்டே போகும். ஆகவே பாதி என்ற விதி பயணிக்கு நேரக்கூடிய மிகக் குறைந்த அளவைச் சொல்கிறது. அதைச் சராசரி என்று ஏட்டில் எழுதுவது பஸ் நிறுவனத்துக்குக் காட்டும் தாராளம் என்பது என் கருத்து.

நின்ற நிமிடமும் ஓடிய நிமிடமும் ஒன்றுதானா என்ற கேள்வியும் எழுந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் குவார்ம்பி என்பவர் 1967இல் வெளியிட்ட ஆய்வு, வேலைக்குப் போகிறவர்கள் நடப்பதையும் காத்திருப்பதையும், வண்டிக்குள் இருக்கும் நேரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு சுமையாகக் கொள்கிறார்கள் என்று காட்டியது. இதற்கு ஆய்வு தேவையா என்று நீங்கள் கேட்கலாம். பினாங்கு மழையில் ஒருமுறை நின்றவருக்குத் தேவையில்லைதான். ஆனால் அரசாங்கத்தின் ஏட்டில் ஏற வேண்டுமென்றால் எண் வேண்டும்.

காத்திருப்பின் விலையை நன்றாக உணர்ந்த ஒரு தரப்பு பினாங்கிலேயே இருந்தது. 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வளாகம் உருவாயிற்று. டாக்டர் லிம் சோங் இயூ முதலமைச்சராக இருந்த காலம். இன்டெல் முதலிய மின்னணு நிறுவனங்கள் வந்தன. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் இரவு பகலாக முறைவேலை பார்த்தனர். அவர்கள் பொது பஸ்ஸை நம்பி வந்தார்களா? பெரும்பாலோர் இல்லை. தொழிற்சாலைக்கென்றே அமர்த்திய பஸ்கள் கம்பங்களுக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் போய் அவர்களை ஏற்றி வந்தன. முறை மாறும் மணியில் ஆள் வராவிட்டால் உற்பத்தி வரிசை நிற்கும். நின்றால் முதலாளிக்கு நட்டம். நிற்கும் நேரத்துக்குத் தானே பணம் கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்ததும், அதற்குத் தனி பஸ் போட முதலாளி தயங்கவில்லை. அதே சாலையில் மருத்துவமனைக்குப் போகும் பாட்டியின் நேரத்துக்குச் சம்பளம் கொடுப்பவர் இல்லை. ஆகவே அவருக்குத் தனி பஸ்ஸும் இல்லை.

ஃபெரிப் படகுகளைப் பற்றிச் சொல்லாமல் பினாங்கின் காத்திருப்பைப் பற்றிப் பேச முடியாது. குவா பெங் கீ தொடங்கிய படகுச் சேவை 1894இலிருந்து தீவையும் பட்டர்வொர்த் கரையையும் இணைத்துவருகிறது. 1985இல் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் திறக்கப்படும்வரை, வாகனத்துக்கும் மனிதருக்கும் அந்தப் படகுதான் வழி. நீரைக் கடக்கும் நேரம் கொஞ்சம். பெருநாட்களில் வரிசையில் நிற்கும் நேரமோ அதைப்போல் பல மடங்கு. பாலம் சேமித்துக் கொடுத்தது கடல் கடக்கும் நேரத்தைவிட வரிசையில் நின்ற நேரத்தைத்தான். ஆனால் அந்தச் சேமிப்பு வாகனம் வைத்திருந்தவர்களுக்கே முதலில் சேர்ந்தது. நடந்து வந்தவர் படகுத்துறையிலேயே நின்றார்.

காத்திருப்பு என்பது நேரம் மட்டுமன்று, இடமும் ஆகும் என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் மெய்ப்பித்த ஒரு விதி உண்டு. நிமிடத்துக்கு எத்தனை பேர் வருகின்றனர் என்பதை, ஒருவர் சராசரியாக எத்தனை நிமிடம் நிற்கிறார் என்பதால் பெருக்கினால், அந்த இடத்தில் எந்நேரமும் எத்தனை பேர் நிற்கின்றனர் என்பது கிடைக்கும். நிமிடத்துக்கு நூறு பேர் வந்து பத்து நிமிடம் நின்றால் தளத்தில் ஆயிரம் பேர். அதே நூறு பேர் முப்பது நிமிடம் நின்றால் மூவாயிரம் பேர். வருகிறவர் தொகை கூடாமலே கூட்டம் மும்மடங்காகிறது. ஆகவே காத்திருப்பைக் கணிக்காமல் கட்டிய தளம், எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்பதை அறியாமல் கட்டிய தளமாகும்.

1988ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவும் குவான் யின் தேவி விழாவும் ஒருசேர வந்த வேளை. பட்டர்வொர்த் சுல்தான் அப்துல் ஹலிம் படகுத்துறையில் பல்லாயிரவர் திரண்டிருந்தனர். மாலையில், பயணிகள் காத்திருந்த மேல்தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் மாண்டனர். 1,674 பேர் காயமுற்றனர். இத்தகைய விபத்துக்குக் காரணம் ஒன்றாக இராது. அவற்றை ஆராய்வது இந்த உரையின் வேலையன்று. நான் எண்ணிப் பார்ப்பது ஒன்றே. அன்று மாண்டவர்கள் பயணம் செய்துகொண்டிருக்கவில்லை. பயணத்துக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

கொடிமலை ரயிலின் கதை இதற்கு மாறாக இலேசானது. 1897இல் தொடங்கிய முதல் முயற்சி பயனின்றிப் போக, 1924 ஜனவரி முதல் நாள் இப்போதுள்ள பாதை முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. பழைய ஏற்பாட்டில் பாதை இரண்டு பகுதிகளாக இருந்தது. நடு நிலையத்தில் எல்லாரும் இறங்கி மறு வண்டி ஏற வேண்டும். மொத்தம் அரைமணி அளவில் ஆகும். 2010இல் பாதையை மூடிச் சீரமைத்து, 2011இல் நேரே உச்சிக்குப் போகும் புதிய வண்டிகளை விட்டார்கள். ஓடும் நேரம் சில நிமிடங்களாகச் சுருங்கிற்று. மாறி ஏறும் காத்திருப்பும் மறைந்தது. ஆனால் பள்ளி விடுமுறையில் அடிவாரத்துக்குப் போய்ப் பாருங்கள். வரிசை அங்கே நிற்கிறது! வரிசையில் நிற்க விரும்பாதவர் கூடுதல் பணம் கொடுத்து விரைவுவழிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். பயணியின் காத்திருப்புக்கு வெளிப்படையாக விலைச்சீட்டு தொங்கவிட்ட இடம் பினாங்கில் இதுவே என்று தோன்றுகிறது.

இனி, கணக்குப் போடுவோரிடம் வருவோம். 1959இல் வால்ட்டர் ஹேன்சன் என்ற அமெரிக்கர் ஒரு புதிய கேள்வியை முன்வைத்தார். சாலை எவ்வளவு வேகமாக இருக்கிறது என்று கேட்பதை விட்டு, ஓரிடத்தில் வாழ்பவருக்கு எத்தனை வேலை வாய்ப்புகள், எத்தனை கடைகள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன என்று கேட்டார். இதை 'எட்டும் அளவு' என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் மருத்துவமனை எட்டுமா? எட்டினால் படத்தில் அந்த ஊருக்குப் பச்சை; எட்டாவிட்டால் சிவப்பு. கேள்வி நல்ல கேள்வி. ஆனால் நாற்பத்தைந்து நிமிடத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது?

மணிக்கு ஒரு பஸ் வரும் ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு ஐந்து நிமிட நடை. பஸ்ஸில் முப்பது நிமிடம். இறங்கினால் எதிரே மருத்துவமனை. காத்திருப்பை விட்டுவிட்டால் மொத்தம் முப்பத்தைந்து நிமிடம், ஊருக்குப் பச்சை. இடைவெளியில் பாதி என்ற விதியைச் சேர்த்தால் அறுபத்தைந்து நிமிடம். அதே ஊருக்குச் சிவப்பு. எது உண்மை? இரண்டும் முழு உண்மையன்று. ஒரு மணிக்குள் அறுபது நிமிடங்கள் உள்ளன. ஒவ்வொரு நிமிடத்திலும் ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்புவதாகக் கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காதவர்களே நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் போய்ச் சேர்வார்கள். அத்தகையோர் ஆறில் ஒரு பங்கு. ஆக, அந்த ஊருக்கு மருத்துவமனை ஆறில் ஒரு பங்கு எட்டுகிறது. ஆறில் ஐந்து பங்கு எட்டவில்லை.

லண்டனில் ஹேமர்ஸ்மித் பகுதி நகராட்சி 1992இல் வகுத்த ஒரு முறை, பாதி விதியோடு ஒரு சிறு தண்டத்தையும் சேர்த்தது. பஸ் என்றால் பாதி இடைவெளிக்கு மேல் இரண்டு நிமிடம். ரயில் என்றால் முக்கால் நிமிடம். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் காத்திருப்பு ஆறன்று, எட்டு. நம்பகமின்மைக்கு விதித்த அபராதம் அது. பிறகு லண்டன் முழுவதும் அம்முறை பரவிற்று. 2005இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகல் நிறுவனமும் சேர்ந்து, பஸ் அட்டவணைகளைக் கணிப்பொறி படிக்கும் ஒரே வடிவில் எழுதும் வழக்கத்தைத் தொடங்கின. அதன் பிறகுதான், நான் மேலே சொன்னதுபோல ஒவ்வொரு நிமிடத்திலும் கிளம்பிப் பார்க்கும் கணக்கை, ஒரு நகரம் முழுமைக்கும் போடுவது எளிதாயிற்று.

பினாங்கிலும் மாற்றங்கள் நடந்தன. 2006 ஏப்ரல் முதல் நாள் பஸ் வழிகளைத் திருத்தியமைத்தார்கள். பெரிய பஸ்கள் முக்கியச் சாலைகளிலும் சிறிய பஸ்கள் கிளைவழிகளிலும் ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. படத்தில் பார்த்தால் மரமும் கிளையும்போல் ஒழுங்காக இருக்கும். ஆனால் கிளை பஸ்ஸிலிருந்து பெரிய பஸ்ஸுக்கு மாறுகிறவர் முன்பு ஒருமுறை நின்றார். இப்போது இருமுறை நிற்க வேண்டும். அந்த ஏற்பாடு மக்களுக்கு நிறைவு தரவில்லை. 2007 ஜூலை 31இல் ரேபிட் பினாங்கு நிறுவனம் 150 பஸ்களோடு சேவையைத் தொடங்கியது. பழைய நிறங்கள் மறைந்தன. ஹின் கம்பெனியின் பணிமனை இப்போது ஓவியக் கூடம்.

2025 ஜனவரியில் முத்தியாரா இலகு ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் நீளம். ரயில் அடிக்கடி வரும் என்று எதிர்பார்க்கலாம். அதன் நிலையங்களைச் சுற்றிப் பச்சை வட்டங்கள் வரைவது எளிது. அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர் கிளை பஸ்ஸில் வந்து ஏற வேண்டும். அந்த பஸ்ஸின் இடைவெளி என்ன, அது சீராக வருகிறதா என்பதைப் பொறுத்தே அவர் ஊர் பச்சையா சிவப்பா என்பது அமையும்.

இன்னொரு காத்திருப்பும் உண்டு. அது எந்த நிறுத்தத்திலும் தென்படாது. 1975இல் ஜாலிஃப், ஹட்சின்சன் என்ற இருவர், பஸ் அட்டவணையை அறிந்தவர்கள் கண்டபடி வந்து நிற்பதில்லை, நேரம் பார்த்தே வருகிறார்கள் என்று காட்டினர். உண்மைதான். மணிக்கு ஒரு பஸ் என்றால் யார்தான் மணி பார்க்காமல் கிளம்புவார்? அவர் நிறுத்தத்தில் நிற்பது ஐந்து நிமிடமே என்று எழுதிக்கொள்ளலாம். மீதி நேரம் எங்கே போயிற்று? என் பாட்டிக்கு மருத்துவர் கொடுத்த நேரம் ஒன்பது மணி. அடுத்த பஸ்ஸை நம்பினால் ஒன்பதரை ஆகிவிடும் என்று, முதல் பஸ்ஸிலேயே என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மருத்துவமனையின் வெளிப்புறச் சிகிச்சைக் கதவு திறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். வெயில் ஏறாத பக்கமாகப் பார்த்துத் திண்ணையில் அமர்ந்து, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, "பள்ளிக்கூடத்துப் பாடத்தைச் சொல்லு, கேக்கிறேன்" என்பார்.